ஒட்டின இடம்

“ஒரு வருசத்துல எட்டுத்தரம் கேபிள் அறுந்திருக்கு. அதுவும் இந்த ஒரே குழிக்குள்ள. எப்பிடி அண்ணன்?”

பல்கீஸ் கேட்டுவிட்டுக் குழியின் விளிம்பில் குந்தினாள். குழிக்குள் நின்ற குலசிங்கம், கடலுக்குக் கிட்ட இருக்கிறதால எண்டு நினைக்கிறன் மிஸ் என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

துறைமுகத்துக்குப் பின்னால், ஆமி முகாமின் முள்ளுக்கம்பி வேலியை ஒட்டிப் போகிற தெரு அது. யுத்தம் மும்முரமாயிருந்த 2007. அந்தத் தெருவில் சனம் நிற்கக் கூடாது. சைக்கிளில் போனாலும் காலூன்றக் கூடாது. கேபிள் பழுதானால் மட்டும் தொலைபேசிக் கம்பனி வாகனத்துக்கு இரண்டு மணித்தியாலப் பாஸ் கிடைக்கும்.

பல்கீஸ் கிண்ணியாக்காரி. இஞ்சினியராகக் கம்பனியின் திருகோணமலைக் கந்தோருக்கு வந்து மூன்று மாதம்தான். ஒரு விசயம் விளங்கவில்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. பழைய பைல்களையெல்லாம் கிளறிப் பார்த்திருந்தாள். பதினொரு வருசத்தில் குலசிங்கம் எத்தனையோ இடத்தில் அறுந்த கேபிளை ஒட்டியிருக்கிறார். பாலையூற்றில் வெள்ளம் நின்ற குழிக்குள் ஒட்டினதுகூட இன்றுவரை அசையவில்லை. இங்கே மட்டும் ஒன்றரை மாதத்துக்கொருக்கால் அறுந்து தொலைக்கிறது. இது என்ன மாயம்?

கொழும்பிலிருந்த கம்பனிப் பெரியவருக்கு இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆளின் கை பழுது என்று அவர் முடிவுகட்டியாயிற்று. அன்று பின்னேரத்துக்குள் பல்கீஸ் அறிக்கை அனுப்ப வேண்டும். கைப்பிழை என்று அவள் எழுதினால், குலசிங்கம் திங்கட்கிழமையே தெற்குக் கோடியிலுள்ள மாத்தறைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அது அவருக்கும் தெரியும். காலையில் வாகனத்தில் ஏறும்போது, பதவியைக் குறைச்சாலும் பரவாயில்லை மிஸ், இடம் மட்டும் மாத்த வேண்டாமெண்டு சொல்லுங்கோ என்று கேட்டார். யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனுசன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவருக்காகக் கொழும்போடு போனில் சண்டையே பிடித்துவிட்டு வந்திருந்தாள்.

குலசிங்கம் வேலையைத் தொடங்கினார். தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. இரண்டு நுனியிலும் தோலை உரித்தார், ஸ்பிரிட்டால் துடைத்தார், மெசினில் வைத்து ஒட்டினார். ஒட்டின இடம் எதுவென்று தேடினாலும் தெரியவில்லை. இந்தக் கையையா பழுது என்கிறார்கள் என்று பல்கீஸுக்குக் கோபம் கோபமாக வந்தது. இடைக்கிடை அவர் தலையை நிமிர்த்தி வேலிப் பக்கம் பார்த்தார். காவலுக்கு நின்ற ஆமிக்காரனுக்குப் பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி மேல்பூச்சு மட்டும்தான். ஒட்டின இடத்தில் தோல் இல்லாமல் வெறும் கண்ணாடி நிற்கும். அதற்குமேல் பசை விட்டு, ஊதா வெளிச்சம் பிடித்து இறுக வைக்க வேண்டும். பூசாமல் விட்டால் இன்றைக்கு லைன் நன்றாகத்தான் வேலை செய்யும். பிறகு ஈரம் பட்டு, உப்புப் பட்டு, ஒரு நாள் தன்பாட்டில் நொறுங்கிவிடும்.

பல்கீஸ் குனிந்து கொப்பியில் ஏதோ குறித்தாள். நிமிர்ந்தபோது குலசிங்கம் இழையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடப் போனார். பசைப் போத்தலைத் திறக்கவேயில்லை.

“நில்லுங்க அண்ணன். நீங்க பூசல்ல.”

அவருடைய கை அப்படியே நின்றது.

“எட்டுத்தரமும் இப்பிடிப் பூசாம விட்டதாலதான் அறுந்ததா?”

“முதல்தரம் இல்லை மிஸ். மற்றதெல்லாம் ஓம்.”

பல்கீஸ் கொப்பியை மூடினாள். இவருக்காகவா சண்டை பிடித்தோம்! நல்லா மடைச்சியாக்கிவிட்டாரே. அதற்குப் பின்னால் வந்த நினைப்பு இன்னும் மோசமாக இருந்தது. வேண்டுமென்றே ஏன் அறுக்க வேண்டும்? யாராவது சொல்லிச் செய்கிறாரா? அந்த நாட்களில் அப்படியொரு சந்தேகம் வந்தாலே ஆமி ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

ஏன் என்று இரண்டு தரம் கேட்டாள். குலசிங்கம் வேலிப் பக்கம் பார்த்தார். சரிதான் என்று அவளே குழிக்குள் இறங்கினாள். இழையை வெளியே எடுத்தாள், பசை விட்டாள், ஊதா வெளிச்சத்தைப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு இறுகியதும் விரலால் மெல்லத் தடவினார்.

“வடிவாப் பூசியிருக்கிறீங்கள். இனி இது எத்தினை வருசம் நிக்கும் மிஸ்?”

“இருவத்தஞ்சு வருசம் நிக்கும்.” அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“அப்ப இனி இந்தத் தெருவில நிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.” ஆமிக்காரனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “முதல்தரம் மெய்யாவே அறுந்ததுதான் மிஸ். அண்டைக்கு இந்தக் குழிக்குள்ள நிண்டு நிமிர்ந்து பாத்தனான். எந்த முகாமிலயும் இல்லையெண்டு இவங்கள் எழுத்தில தந்த என்ட மகன், கம்பிக்கு அங்கால கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவன்.”

பல்கீஸ் தோலுரிக்கிற குறட்டை எடுத்தாள். தான் பூசினதை மெதுவாக உரித்துக்கொண்டே, “எத்தினை மணிக்குக் குளிக்க விடுவாங்க?” என்று கேட்டாள்.