மந்திரம் தீர்ந்த சூனியக்காரிகள்

எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டான். இரண்டு ரஸ்க்கோடு மூலை அறைக்குப் போனான். புழுக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகள் தொங்கும் அறை அது. கதைப் புத்தகங்களை அவள் வாய்விட்டுப் படிப்பாள். அவன் பதிவு செய்து, இருமல் தும்மல் நீக்கி, ஒலிப்புத்தகமாக்கிப் பதிப்பகத்துக்குக் கொடுப்பான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

இப்போது கையில் இருப்பது ஒரு சூனியக்காரி நாவல். அட்டையில் மின்னல், உள்ளே கொட்டாவி. உலகத்தில் மந்திரம் வற்றிக்கொண்டே வருகிறது. ஏழு சூனியக்காரிகள் கூடிக் கூடி அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுவதோடு சரி. இன்று கடைசி அத்தியாயம்.

"'மூத்தவள் கோலை உயர்த்தினாள். காடு நடுங்கியது!'" என்று அவள் கணீரென்று படித்தாள். உடனே குரலை இறக்கினாள். "ஏங்க, இந்தம்மா போன அத்தியாயத்துலயும் கோலைத் தூக்கினா, காடும் நடுங்கிச்சு. கை வலிக்காதா இவளுக்கு?"

"காட்டுக்குக் குளிர் ஜுரமா இருக்கும்," என்றான் அவன், ரஸ்க்கைக் கடித்தபடி.

அவள் அதைக் காதில் வாங்காமல் மேலே படித்தாள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் நிறுத்தவில்லை.

"'ஏழு துடைப்பங்களும் வானில் பறந்தன.' ஏழு பேருக்கு ஏழு துடைப்பம். ஒருத்தியாவது ஒருநாள் வீட்டைப் பெருக்கியிருப்பாளா?"

"நம்ம வீட்டுல ஒண்ணுதான் இருக்கு. அதுவும் என் கையில."

"சிரிக்காதீங்க, மைக்ல விழும்."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். கண்ணை மூடினான்.

"'ஐயோ, என் நரம்புகளிலிருந்து மந்திரம் வடிகிறதே!' வடியட்டும் தாயே, நாலு பக்கமா இதே புலம்பல். ஏங்க, தூங்கறீங்கதானே? கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டினா நான் நம்பிடுவேனா?"

திருட்டுத்தனம் பிடிபட்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போன் அடித்தது. அவளை நிறுத்திவிட்டு எடுத்தான். பதிப்பகத்து அம்மா.

"தம்பி, உங்க சூனியக்காரி இன்னிக்காவது வந்து சேருவாளா?"

"சாயங்காலம் அனுப்பிடறேன் மேடம்."

"எத்தனை மாசமா இதையே சொல்றீங்க! கோபமில்ல தம்பி. மனசு வரலைன்னா சொல்லிடுங்க, வேற குரல்ல முதல்லேர்ந்து பண்ணிக்கறோம்."

"வேண்டாம் மேடம். அவ குரல்லயே வரட்டும். இன்னிக்கு முடிச்சிடறேன்."

போனை வைத்தான். அந்த நாவல் முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிற ஒரே ஆள் உலகத்திலேயே அவனாகத்தான் இருப்பான். எழுதினவருக்கே அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, கடைசிப் பக்கங்களில் அவ்வளவு அவசரம். ஆனால் இது முடிந்தால் இந்தக் காலைகளும் முடிந்துவிடும்.

அவள் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள்.

"'கடைசிச் சூனியக்காரி மந்திரம் சொல்லி விளக்கின் திரியை ஊதினாள். அது எரியவில்லை. முற்றும்.'" புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு வெடித்துச் சிரித்தாள். "இதுக்கா இத்தனை பக்கம்? இவங்களுக்கு நம்ம வீட்டு அடுப்பு லைட்டரே தேவலைங்க. நாலு தட்டு தட்டினா எரிஞ்சிடும்."

நாற்காலி நகர்ந்தது. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கதவு வரை நடந்து போனாள்.

அவன் மௌஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். திரும்பி வருவாள். பதிவின் அந்த இடத்தில் மட்டும் எப்போதும் திரும்பி வருவாள்.

வந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, அதே கிண்டல் குரலில் சொன்னாள்:

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள, நடுவுல நான் பேசினதையெல்லாம் வெட்டி வச்சிடுங்க."