பாமா பிடித்த முழங்கை

கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற பாமாவின் கையில் ஒரு முழங்கை வந்து சேர்ந்தது. தொட்டதுமே விச்சுதான் என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் கூடவே குப்பை கொட்டியவளுக்குப் புருஷனைக் கண்டுபிடிக்கக் கண்ணா வேண்டும்?

புனேயில் மகர்பட்டா பக்கத்து அடுக்குமாடியில் அன்றைய ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அது. பிறவியிலேயே பார்வையில்லாத தீப்தி நடத்தினாள். ஜோடியில் ஒருவருக்குக் கண்கட்டு, கூட வருகிறவர் வழி காட்டலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. தினம் நடக்கிற இடத்தையே காதாலும் மூக்காலும் விரலாலும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

எல்லோருக்கும் கட்டி முடித்ததும் தீப்தி மராத்தியில் ஜோடி, கீடி என்று இன்னும் என்னவோ சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது, செருப்புகள் இங்குமங்கும் தேய்ந்தன, அப்புறம்தான் அந்த முழங்கை வந்தது. பாமா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் கவலை அவளுக்கு.

போன செவ்வாய்க்கிழமை விச்சு கம்பெனி வண்டியில் ஹிஞ்சேவாடி ஆபீஸுக்குப் போனதும், பாமா பேஸ்மென்ட்டில் காரைப் பின்னால் எடுத்து, செக்ரட்டரி நிம்பால்கரின் புதுக் காரில் டமால் என்று இடித்துவிட்டாள். ஏர்ஃபோர்ஸில் ஊர் ஊராக இருந்து ரிட்டயரான மனுஷர், விடுவாரா? அன்றிலிருந்து வீடு வீடாக விசாரணை. எங்காத்துல யாரும் தொடலை என்று விச்சு வேறு அடித்துச் சொல்லியிருந்தார்.

சொன்னால், மூன்று வருஷம் கெஞ்சி வாங்கிய கார் சாவி கையை விட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

முழங்கை நகர, பாமாவும் நகர்ந்தாள். மரப்பட்டை சொரசொரத்தது. எந்த வீட்டிலோ அவல் போஹாவுக்குத் தாளித்தார்கள். பக்கத்தில் பெரிய சாவிக்கொத்து ஒன்று அடிக்கு அடி கிணுகிணுத்தது. ஆபீஸ் சாவியையும் இதிலேயே கோத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. முகத்தைப் பார்க்க வேண்டாம், பதிலுக்கு அவர் கத்தவும் முடியாது. சுற்றிலும் மராத்திக்காரர்கள், தமிழில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

"ஏன்னா, அந்த நிம்பால்கர் வண்டியை இடிச்சது நான்தான். பம்பர் லேசா நசுங்கிடுத்து. அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

முழங்கை சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக, ரொம்பப் பத்திரமாக ஒரு சரிவில் அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனது. காலடிச் சத்தம் எதிரொலித்தது, பெட்ரோல் வாசனை அடித்தது. பேஸ்மென்ட்!

திட்டக்கூட இல்லையே, தங்கமான மனுஷர், இவரிடம் போய் இத்தனை நாள் மறைத்தோமே என்று பாமாவுக்குக் கண்கட்டுக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது.

அவள் கையை எடுத்து ஒரு காரின் மேல் வைத்தது அந்தக் கை. விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டது, அதன் பக்கத்தில் டேப் ஒட்டிய கண்ணாடி.

"இதேதான்னா," என்று மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குமேல் அந்த ஆளால் விதியைக் காப்பாற்ற முடியவில்லை.

"தாம்பரத்துல ஒன்பது வருஷம் இருந்தேன் மேடம். பம்பர் மட்டும் இல்ல, என் லைட்டும் போச்சு."