தோளும் வத்தலும்

சுகிர்தா மூன்று வாரமாகப் பேஸ்பாலைத் தொடவில்லை. ஆனாலும் வலது தோளின் வலி குறையவே இல்லை. பள்ளி அணியில் பந்து எறிபவள் அவள்தான். வலி போனால்தான் மாநிலப் போட்டி என்று கோச் ஜெசிந்தா சொல்லியிருந்தார். சந்தேகம் வந்து ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாம எறிஞ்சு பழகுதியாட்டி?"

"அம்மா சத்தியமா இல்ல மேடம்."

கொடுத்த டீ ஆறுவதற்குள் பக்கத்து மாடியிலிருந்து கோமதியக்கா கத்தினார். "ஏட்டி, வத்தல்ல குரங்கு!"

சுகிர்தா மாடிக்கு ஓடினாள். கல்லை எடுத்து, பேஸ்பாலில் எறிவது போலவே இடது காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றி எறிந்தாள். குரங்குகள் மேல் படாமல் கல் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. குரங்குகள் சிதறின.

"தெருவுக்கே இவதான் காவலு. காலைல இருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாவ" என்றாள் அம்மா, பெருமையாக.

பின்னால் ஏறி வந்த ஜெசிந்தா தலையில் கைவைத்தார். "வளர்ற வயசுல தோள் எலும்போட நுனி இன்னும் இளசாத்தான் இருக்கும். அதுக்குப் பந்து எது, கல்லு எதுன்னு தெரியுமா?"

"அப்போ எங்க வத்தலு?" என்றார் கோமதியக்கா.

அதற்குள் குரங்குகள் திரும்பி வந்தன. சுகிர்தா கல்லுக்குக் குனிந்தாள். மேடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வெறுங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, இடது காலை மட்டும் மெதுவாக உயர்த்தினாள். பெரிய குரங்கு அந்தக் காலையே பார்த்தது. பிறகு வத்தலை அப்படியே போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குத் தாவியது; மற்றவையும் அதன் பின்னால் ஓடின.

தோளை அசைக்கவே வேண்டாம். காலைத் தூக்கினால் போதும்.