நாகமணியின் கழுத்துக் கட்டி

நாகமணியின் கழுத்துக் கட்டியில் வெட்டிய சதைத்துண்டு, கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயத்தோடு ஸ்பிரிட் விளக்குச் சூட்டில் ஆவி விடுகிறது. ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் கோசலா அமிலம் ஊற்றுகிறாள், பிறகு நீலச் சாயம். குழாய்த் தண்ணீரில் உப்புப் படியுமென்று ஒவ்வொரு முறையும் தன் குடிதண்ணீர்ப் போத்தலைச் சரித்தே கழுவுகிறாள். காசநோய் தரும் கசக்கிருமி மட்டும் சிவப்பை விடாது. அது இல்லையென்றால் புற்றுநோய்தான் என்பது டொக்டரின் சந்தேகம். நெடுந்தீவில் கல்வேலி அடுக்கும் நாகமணி, காய்த்த கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். "தங்கச்சி, கசமாய் இருக்கோணுமெண்டு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சனான்." "நல்ல நேர்த்திதான் அண்ணை." கண் எரிய எரிய அவள் நுணுக்குக்காட்டியில் தகட்டை நகர்த்துகிறாள். நீலம், மறுபடி நீலம். ஓரத்தில் மயிரிழையாய் ஒரு சிவப்புக் கீறு, பக்கத்தில் இன்னொன்று. முதுகைக் கதிரையில் சாய்க்கிறாள். "மாசக்கணக்காய்க் குளிசை விழுங்க ஏலுமோ அண்ணை?" அவர் வாசற்படியிலேயே குந்திவிடுகிறார். "ஒரு சாக்கு நிறையக் கட்டித் தாங்கோ, தங்கச்சி."