இரண்டாம் பூவுக்குப் பெயர்

முதல் அடி பெயர்ப்பலகையில் விழுந்தது.

இரண்டாவது, அதனருகில் நின்றவரின் தாடையில்.

லாரி மெக்கானிக் வீல் ஸ்பேனரை மூன்றாம் முறை ஓங்கியபோதுதான், கண்ணாடிக் கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த கூட்டத்துக்கு, இது விழாவின் பகுதியன்று என்பது உறைத்தது.

அடிபட்டவர் அவனுடைய அக்காளின் கணவர். அந்தத் தாவரத் தோட்டத்தில் ராட்சதக் கிழங்குகளை வளர்ப்பவர். தோட்டத்தில் அவருக்குக் கிழங்குக்காரர் என்றே பெயர்.

அவர் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைத் துடைக்கவுமில்லை.

அவருக்குப் பின்னால், ஆளுயரத்தைக் காட்டிலும் ஓங்கி நின்றது பூ.

சேனைக்கிழங்கின் இனந்தான். ஆனால், தொட்டிக்குள் இருந்த கிழங்கை நால்வர் சேர்ந்துதான் தூக்க முடியும். பல ஆண்டுகள் ஒற்றை இலையோடு நின்று தின்று கொழுத்துவிட்டு, ஏதோ ஒரு மாலையில் இரத்த நிற மடலை விரித்து, செத்த மாட்டின் நாற்றத்தை வீசும். இரண்டே நாள். பிறகு சரிந்துவிடும்.

முதல் பூவோடு அழுகிப்போகும் கிழங்குகளே மிகுதி. ஆகவே, மறுமுறையும் பூத்த கிழங்குக்கு மட்டுமே பெயர் சூட்டுவது அத்தோட்டத்தின் வழக்கம். வளர்த்தவர் சொல்வதே பெயர்.

கிழங்குக்காரர், இறந்துபோன தம் மனைவியின் பெயரைச் சொல்லியிருந்தார்.

இயக்குநர் அதனை ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒரு கணவனின் அன்புக்கு இதைவிடப் பெரிய சான்று உண்டா என்று உருகினார். மூக்கிலிருந்து கையை எடுக்க மனமில்லாத கூட்டம், மிச்சமிருந்த ஒரு கையால் தொடையில் தட்டிப் பாராட்டியது. முன்வரிசையில் நின்ற கனவான் ஒருவர், அம்மாளுக்கேற்ற மணம் என்று பக்கத்திலிருந்தவரின் காதைக் கடித்தார். அவரும் கைக்குட்டைக்குள் சிரித்தார். படித்தவர்கள்தாம்.

மெக்கானிக் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தான். வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது.

மூன்றாம் அடி மடலைக் கிழித்தது. நான்காவது நடுத்தண்டின் இடுப்பில் இறங்க, அது முறிந்து, ஈரமும் நாற்றமுமாக இயக்குநரின்மேல் சாய்ந்தது. கிழங்கைக் காப்பாற்றுங்கள் என்று அவர் அலறினார். வாயில் இரத்தத்தோடு நின்ற மனிதரைக் காப்பாற்றும்படி எவரும் அலறவில்லை.

காவலாளிகள் இருவர் பாய்ந்தார்கள். ஒருவருடைய மூக்கை மெக்கானிக்கின் முழங்கை உடைத்தது. மற்றவர் இடுப்பைக் கட்டிப்பிடிக்க, அவரையும் இழுத்துக்கொண்டே போய்த் தொட்டியை எட்டி உதைத்தான். தொட்டி பிளந்தது. வெளியே உருண்ட கிழங்கின்மேல் ஏறி நின்று, மாட்டுத் தலையை உடைப்பவன்போல் மாறி மாறி அடித்தான். வெளிர்மஞ்சள் சதை தெறித்துக் கண்ணாடிகளில் அப்பியது. அழைப்பிதழ்களோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

கிழங்குக்காரர்தாம் காவலாளிகளை விலக்கினார். இது எங்கள் குடும்பத்து விஷயம் என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பற்றி, கண்ணாடிச் சுவரோடு சேர்த்து மோதினான். சுவரில் விரிசல் ஓடியது.

இரண்டாண்டுகளுக்கு முன்பு, இதே கிழங்கு முதன்முறை பூங்குருத்து விட்ட நாள்முதல், அக்காள் மாடியறையிலும் கணவர் கீழறையிலுமாக இருந்தார்கள். என்னையல்ல, அந்தக் கிழங்கைத்தான் கட்டிக்கொண்டீர்கள் என்பது அவள் கட்சி. பேச்சு நின்றுபோயிருந்தது. சமையல்கூடத் தனித்தனி. அந்த முதல் பூ விரிந்த வாரத்தில் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. வெளியூர் வேலைக்குப் போயிருந்த தம்பி, திரும்பியதும் நேரே அந்த வீட்டுக்குப் போனான்.

வாசலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாடியறைக் கதவை உடைத்தவனும் அவன்தான்.

மாரடைப்பு என்றார் மருத்துவர். உயிர் பிரிந்து மூன்று நாள்கள் ஆகிவிட்டன என்றும் சொன்னார்.

அத்தனை நாளும் கிழங்குக்காரர் தோட்டத்திலிருந்து வீடு திரும்பி, அவளுக்கு நேர் கீழே படுத்து உறங்கி, காலையில் எழுந்து வேலைக்குப் போயிருந்தார். அதெப்படி என்று போலீஸ் கேட்டது, உறவினர்கள் கேட்டார்கள். அவர் எவருக்கும் பதில் சொல்லவில்லை. தெரிந்தே அழுகவிட்டார் என்று தம்பி முடிவுகட்டிக்கொண்டான். இன்று, அவளுடைய பெயரைச் சொல்லி ஊரே மூக்கைப் பொத்துவதையும் பார்த்துவிட்டான்.

அடிக்கும்போதும் அவன் பேச்சில் மரியாதை குறையவில்லை. அது அக்காள் பழக்கியது.

“அத்தனை ராத்திரியும் அந்த வீட்லதானே படுத்திருந்தீங்க அத்தான்? வாசல்ல நின்ன எனக்கே நாத்தம் தாங்கல. உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையா?”

ஸ்பேனர் அவருடைய நெற்றிக்கு நேரே உயர்ந்து நின்றது. இம்முறை அவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

கிழங்குக்காரர் உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பினார்.

“வந்துச்சு மச்சான். வீட்டுக்குள்ள கால் வச்சதுமே வந்துச்சு. பூவோட நாத்தம், என் மேலேருந்துதான் வருதுன்னு நெனச்சேன். ராத்திரிக்கு ராத்திரி சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டுட்டுப் படுத்தேன்.”