நாவடி எலும்பு

துவான் ஒரு எலும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இந்தக் கையாலதானே எனக்குச் சோறு போட்டே, தாவோ!" என்று ஊரே கேட்கக் கதறினான்.

அது குதிகால் எலும்பு.

லுவா பார்த்ததுமே கண்டுகொண்டாள். ஹனோய் பிணவறையில் எலும்பு பார்த்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். தங்கை புருஷனுக்கு இங்கே வந்து பாடம் நடத்த அவளுக்கென்ன தலையெழுத்தா?

தங்கை தாவோவைப் புதைத்து மூன்று வருடம். ஊர் வழக்கப்படி எலும்பை எடுத்து, வாசனைத் தண்ணீரில் கழுவி, சின்ன மண்பெட்டியில் அடுக்கி, நிரந்தரமாகப் புதைக்கும் நாள். வயல் நடுவே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வெயில் வருமுன் பெட்டியை மூடியாக வேண்டும். மூடினால், அப்புறம் யாரும் திறக்கப்போவதில்லை.

துவானுக்கும் அந்த அவசரம்தான். துக்கம் கழிந்தால் அடுத்த கல்யாணம். தலைக்குச் சாயம்கூட அடித்தாயிற்று. பைக் விற்கிற பயலுக்கு அழுகையையும் விற்கத் தெரிகிறது. கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணே பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துவிடுகிறாள். வெட்கங்கெட்ட ஜென்மம்!

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் அன்றைக்கு. வேலையாகச் சைகோன் போயிருந்த லுவா வந்து சேர்வதற்குள் சவப்பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டான்.

கழுத்துப் பக்கத்து மண்ணை லுவாவே சலித்தாள்.

கிடைத்துவிட்டது. நாக்குக்கு அடியில் லாடம் மாதிரி வளைந்திருக்கும் சின்ன எலும்பு. ஆணுடையதுபோல் அகன்று தடித்ததல்ல. பெண்ணுக்கே உரிய குறுகல், மெலிவு. ஒரு பக்கத்துக் கொம்பு தனியாக வந்தது.

கழுத்தை நெரித்தால் உடைவது இதுதான்.

விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். முனை வழவழவென்று இருந்தது. முறிவே இல்லை. வயது ஏற ஏற ஆண்களுக்கு இந்தக் கொம்பு நடுத்துண்டோடு ஒட்டிக்கொள்ளும். பெண்கள் பலருக்கு ஒட்டுவதில்லை. ஒட்டாத எலும்பு, நெரித்தாலும் வளைந்து கொடுத்துவிடும். எந்தக் கோர்ட்டிலும் இது நிற்காது.

இதற்கா மூன்று வருடம் காத்திருந்தாள்! அயோக்கியன் தப்பித்துவிட்டான்.

இரண்டு துண்டையும் கழுவக் குனிந்தாள். துவான் அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அழுகை நின்றிருந்தது.

"அக்கா, அது ஒடஞ்சதில்லக்கா. பொம்பளைங்களுக்கு அது கடைசி வரைக்கும் ஒட்டாமலே இருக்குமாம். ஆம்பளைங்களுக்குத்தான் ஒட்டிக்குமாம்."

சுற்றி நின்றவர்களுக்கு அவன் எதைச் சொல்கிறான் என்றே விளங்கவில்லை.

லுவா மெதுவாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேடா," என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.