இடுப்பில் ஒரு மிதவை

"கடல்ல நீந்தி வளர்ந்தவங்க நீங்க. இந்த ஏரியில இறங்க உங்களுக்கு பலூன் எதுக்கு?"

ஷ்யாம்சுந்தர் கேட்டதும் கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயஸ்ரீக்கும் சிரிப்பு வந்தது.

வெண்ணிலா கோபித்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சு நிற மிதவையை ஊதி, அதன் பட்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். ஊரப்பாக்கம் தாண்டியிருக்கும் அந்த ஏரிக்கு ஞாயிறு காலையில் நீந்த வருகிறவர்களுக்கு அவள்தான் கோச்.

"நீங்களும் மாட்டிக்கோங்க சார். எல்லாரும் மாட்டினாத்தான் இறங்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே அவரும் மாட்டிக்கொண்டார்.

ஜெயஸ்ரீ நீச்சல் குளத்தை விட்டு ஏரிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இவ்வளவு அழகாக நீந்துகிறவள் எதற்கு ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"பழகிடுச்சுக்கா" என்று நழுவிவிட்டாள் வெண்ணிலா.

உள்ளுக்குள் பயமாக இருக்குமோ? இல்லை, சும்மா பந்தாவா?

பலூன் என்று கிண்டல் செய்த அன்றைக்கே, நடு ஏரியில் ஷ்யாம்சுந்தரின் கை மேலே எழுந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒருதரம் முங்கி எழுந்தவர், தண்ணீரைக் குடித்துத் திணறியபடி மிதவையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். எங்கேயோ முன்னால் போயிருந்த வெண்ணிலா திரும்பி வந்து சேரும்வரை அதுதான் அவரைத் தாங்கியது.

கரையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு பலூன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மீன் வாங்க கோவளம் போன ஜெயஸ்ரீ, கடலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஃபைபர் படகை ஒட்டி, அலைக்கு மேல் ஏறி இறங்கி, நீந்தி வந்துகொண்டிருந்தாள் வெண்ணிலா.

இடுப்பில் எதுவும் இல்லை.

கரையேறி வந்தவளிடம் ஜெயஸ்ரீ கோபத்தை மறைக்கவில்லை.

"எங்களுக்கு ஒரு ரூல், உனக்கு ஒரு ரூலா? ஏரியில அவ்வளவு கண்டிஷன் போடறே. இங்க மட்டும் வேண்டாமா?"

"இங்க எங்க அண்ணன் படகுல கூடவே வர்றாருக்கா. எதுனா ஒண்ணுன்னா தூக்கிப் போட்டுக்குவாரு."

"ஏரியிலயும் உனக்கு அது தேவையில்லைதானே? அப்புறம் அங்க ஏன் மாட்டிக்கிறே?"

வெண்ணிலா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் மாட்டாம இறங்கியிருந்தா, ஷ்யாம் சார் மாட்டியிருப்பாரா அக்கா?"